உப்புக் குறைந்த நீக்கிலாப்பிள்ளை

குருநகரில் நீக்கிலாப்பிள்ளை ஏலத்தில் விற்காத சாமான் கிடையாது. தொழில் மீன் ஏலம் கூறுவது. விடியற்காலையில் வள்ளங்கள் வந்து சேர, சீமெந்துத் தரையில் மீனைக் குவித்துவிட்டு முன்னால் நின்று விலை கூவத் தொடங்கினாரென்றால் கோயில் மணிச்சத்தம்கூடக் கொஞ்சம் தாழ்ந்துதான் கேட்கும். மீன் முடிந்த பிறகும் வாய் ஓயாது. பக்கத்தில் என்ன கிடக்கிறதோ அதை விற்பார்.

ஒருமுறை பங்குத்தந்தை மீன் வாங்க வந்தார். குடையைச் சுவரோரம் சாத்திவிட்டு, குனிந்து ஓரா மீனின் செவிளைக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் குடை ஏலத்துக்குப் போய்விட்டது. விலைக் கேள்வியும் ஏறிவிட்டது. ஏதோ நல்ல மீன் போகிறது என்று நினைத்துக் கடைசியாகக் கையை உயர்த்தியவரும் பாதர்தான்.

"ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்! பாதருக்கே விழுந்திட்டுது. நல்ல குடை, பாதர். சாமியார் ஒருத்தர் பத்திரமாப் பாவிச்சது."

இப்படிப்பட்டவர். எங்கள் ஒழுங்கையில் கடைசி வீடு அவருடையது. மனைவி மரியநாயகி அதிகம் கதைக்காதவர். புருசன் பகிடி விட்டால் ஊரே சிரிக்கும், அந்த மனுசி மட்டும் உதட்டைச் சுழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரே மகள் பிரியந்தினி கலியாணம் முடித்துக் கொக்குவிலில் இருக்கிறாள்.

நீக்கிலாப்பிள்ளைக்குச் சுருட்டு இல்லாமல் விடியாது. மீசை அரும்பிய வயதில் பற்றவைத்தது, பிறகு அணையவேயில்லை. இருமல் இருந்தது. சுருட்டுக் குடிக்கிறவனுக்கு இருமல் இல்லாவிட்டால்தான் அதிசயம் என்று யாரும் கவனிக்கவில்லை. போன சோளகக் காற்றுக் காலத்தில் குரல் கரகரத்தது. காலம் முழுக்கக் கத்திய தொண்டைதானே என்று அதையும் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவருடைய பகிடிகள் உச்சத்துக்குப் போயின.

விரல் நீளச் சூடை மீன் குவியலைக் காட்டி, "சுறா, சுறா, கொம்பன் சுறா" என்று கூவினார். சந்தை உருண்டு பிரண்டு சிரித்தது. விற்ற பாரை மீனையே திரும்பவும் விற்றார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குச் சாரத்தை உட்புறம் வெளியாக உடுத்துக்கொண்டு வந்து முன்வாங்கில் இருந்தார். எமில்ராஜ் அவருடைய நெடுநாள் கூட்டாளி, சொந்தமாக வள்ளம் வைத்திருப்பவர். அவரைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, நீர் ஆரின்ரை பொடியன்?" என்று கேட்டார். எமில்ராஜ் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்து, "அண்ணைக்கு வயசு போகப் போகத்தான் பகிடி முத்துது" என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

மரியநாயகி மட்டும் எமில்ராஜின் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"எமில், இவருக்கு ஏதோ வருத்தம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும்."

"என்னக்கா, அண்ணை நல்லாத்தானே பகிடி விடுறார்?"

"பகிடி விட்டால், விட்டுப்போட்டு என்ரை முகத்தைப் பாப்பார். நான் சிரிக்கிறனோ எண்டு. கலியாணம் கட்டின நாளிலையிருந்து அப்பிடித்தான். இப்ப கொஞ்ச நாளாப் பாக்கிறேல்லை. இது பகிடி இல்லை, எமில்."

எமில்ராஜுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் நீக்கிலாப்பிள்ளை மிக மரியாதையாக மரியநாயகியை "சிஸ்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர், "ஐயா, இப்ப நீங்கள் எங்கை இருக்கிறியள்?" என்று கேட்டார்.

"கச்சதீவிலை. திருநாளுக்கு வந்தனாங்கள். நீர் இந்தியாப் பக்கமோ?"

டொக்டர் சிரித்துவிட்டார்.

"தம்பி, நீங்களும் சிரிக்காதேங்கோ" என்றார் மரியநாயகி. "சிரிச்சுச் சிரிச்சுத்தான் இவ்வளவு நாளும் போச்சுது."

அந்தப் பிள்ளை உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு இரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்தது. இரத்தத்தில் உப்பு, அதாவது சோடியம், பயப்படும் அளவுக்கு இறங்கியிருந்தது. மூளை தடுமாறுவது அதனால்தான். உப்பு ஏன் இறங்கியது என்று தேடுவதற்கு நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள்.

இதற்கிடையில் செய்தி ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தது. நீக்கிலாப்பிள்ளைக்கு உடம்பில் உப்புக் குறைவாம்! கடல் தண்ணியில் பிறந்து, கருவாட்டில் வளர்ந்த மனுசனுக்கு! மரியநாயகி இவ்வளவு காலமும் கறிக்கு என்னதான் போட்டார் என்று சில பெண்கள் வெளிப்படையாகவே கதைத்தார்கள். அடுத்த நாள் பார்வையாளர் நேரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் பாரைக் கருவாடு, நெத்தலிக் கருவாடு, ஊறுகாய் மாங்காய், இரண்டு பைக்கற் கறியுப்பு எல்லாம் அடுக்கப்பட்டிருந்தன. வாட் முழுக்க மணம்.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுப் புற்றுநோய்ப் பிரிவிலிருந்து வந்த டொக்டர் அருந்ததி வாசலிலேயே நின்றுவிட்டார். "இஞ்சை ஆர் கடை போட்டிருக்கிறது?"

மரியநாயகி அழுகிற குரலில் சொன்னார். "டொக்டர், நான் அளவாத்தான் உப்புப் போடுறனான். சத்தியமா."

"அம்மா, உங்கடை கறியிலை ஒரு பிழையும் இல்லை. சொதிக்குத் தண்ணி கூட விட்டால் என்ன நடக்கும்? போட்ட உப்பு அப்பிடியே இருக்கும், ஆனா வாயிலை வைச்சால் சப்பெண்டு இருக்கும். இவற்றை உடம்பிலையும் அதுதான். உடம்பு தண்ணியை வெளியிலை விடாமல் பிடிச்சு வைச்சிருக்குது. அப்பிடிப் பிடிச்சு வைக்கச் சொல்லி ஒரு சாமான் உத்தரவு குடுக்குது. அந்தச் சாமான் நெஞ்சுக்குள்ளை இருக்கெண்டு நான் நினைக்கிறன். உந்தக் கருவாட்டை வீட்டை கொண்டு போங்கோ. தண்ணியைக் குறைச்சுக் குடுக்கச் சொல்லுறன்."

தண்ணீரை அளந்து கொடுத்தார்கள், மருந்தும் ஏற்றினார்கள். அவசரப்படாமல் மெதுமெதுவாகத்தான் உப்பைக் கூட்ட வேண்டும், திடீரென்று கூட்டினால் மூளைக்கே கேடு என்று நேர்ஸ் ஆரணி சொன்னார். சில நாட்களில் பனி விலகுவதுபோல மனுசன் திரும்பி வந்தார். ஒரு காலைப் பொழுதில் கண்ணைத் திறந்து, பக்கத்துக் கட்டில்காரருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த ஆரணியைப் பார்த்தார்.

"மிஸ், அந்த ஊசிக்கு ஒருதரம், ரெண்டுதரம் எண்டு கேள்வி கேட்டனியளோ, இல்லாட்டிச் சும்மா அவருக்கே குடுத்திட்டியளோ?"

சொல்லிவிட்டுத் திரும்பி மரியநாயகியின் முகத்தைப் பார்த்தார். அந்த மனுசி கலியாணத்துக்குப் பிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதது.

ஆனால் எக்ஸ்ரேயில் நிழல் இருந்தது. இடப்பக்க நுரையீரல், நடுநெஞ்சை ஒட்டினாற்போல. குரல் கரகரத்ததும் கத்தியதால் அல்ல. குரலுக்குப் போகும் நரம்பை அந்தக் கட்டி அமுக்கிக்கொண்டிருந்தது. ஸ்கான் எடுத்தார்கள். மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு ஒரு துணுக்கு இறைச்சி கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று பிரியந்தினி கொக்குவிலிலிருந்து ஓடி வந்து டொக்டரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். "டொக்டர், அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ. தாங்கமாட்டார்."

டொக்டர் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து கரகரத்த குரல் வந்தது. "பிள்ளை, விலை சொல்லாமல் எந்தச் சாமானையும் என்ரை தலையிலை கட்டேலாது. முன்னுக்கு வந்து சொல்லுங்கோ."

அருந்ததி கதிரையை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே இருந்தார். "ஐயா, இது நுரையீரலிலை வந்த புற்றுநோய். அதிலை சிறு செல் எண்ட வகை."

"சின்னனோ? அப்ப நல்லதுதானே."

"பேர்தான் சின்னன். உங்களுக்குக் கூனி றால் தெரியும்தானே?"

"என்னட்டையோ கேக்கிறியள்?"

"ஒண்டைத் தூக்கிப் பாத்தால் ஒண்டுமில்லை. ஆனா கூட்டமா வரும், கெதியாப் பெருகும். இண்டைக்கு இஞ்சை நிக்குது எண்டு வலையைத் தூக்கிக்கொண்டு போனால், அதுக்கு முதல் பாதி வேறை பக்கம் போயிருக்கும். இதுவும் அப்பிடித்தான். கண்ணுக்குத் தெரியிற கட்டியை வெட்டி எடுத்தாலும், தெரியாமல் ரத்தத்திலை போனது மிஞ்சி நிக்கும். அதாலை இதுக்கு அநேகமா வெட்டுறேல்லை. ரத்தத்தோடை உடம்பு முழுக்க ஓடுற மருந்து ஏத்துவம். கட்டி இருக்கிற இடத்துக்குக் கதிர்வீச்சும் வைப்பம்."

"இப்ப எவ்வளவு தூரம் போட்டுது?"

"நல்ல காலம், நெஞ்சின்ரை ஒரு பக்கத்துக்குள்ளைதான் நிக்குது. கதிர் படுற ஒரு வட்டத்துக்குள்ளை அடக்கலாம். அநேகம் பேர் எங்களிட்டை வரேக்கை அந்தக் கட்டம் தாண்டியிருக்கும். உங்கடை உப்புக் குழப்பம்தான் உங்களைக் கெதியாக் கொண்டு வந்தது."

"உப்பில்லை. உந்த மனுசிதான்" என்றார் அவர். பிறகு கேட்டார், "வருத்தம் மாறுமோ?"

டொக்டர் அவசரப்படவில்லை. "மருந்துக்கு இது கெதியாக் கரையும், ஐயா. அது எனக்கு நல்ல நம்பிக்கை. ஆனா திரும்பி வாறதும் இதின்ரை பழக்கம். சிலருக்கு வராமலே விட்டிருக்கு. உங்களுக்கு எது எண்டு இண்டைக்கு எனக்குச் சொல்லத் தெரியாது. மாறுறதுக்கெண்டுதான் வைத்தியம் செய்யப்போறம்."

 நீக்கிலாப்பிள்ளை மெல்லச் சொன்னார், "நேர்மையான வியாபாரம்." அன்று வேறு பகிடி எதுவும் விடவில்லை.

மருந்து ஏற்றுகிற வாட்டில் அவருக்குப் பக்கத்துக் கதிரை பஞ்சலிங்கத்துக்கு. அச்சுவேலிக்காரர், தோட்டக்காரர், விபூதிப் பூச்சு, கடுகடுத்த முகம். அவருக்கும் நுரையீரல்தான், ஆனால் மற்ற வகை. கொழும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு இங்கே மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணை என்ன தோட்டம் செய்யிறனீங்கள்?" என்று நீக்கிலாப்பிள்ளை பேச்சுக்கொடுத்தார்.

"வெங்காயம், மரவள்ளி, போயிலை."

"போயிலையோ! அட, அப்ப எங்களுக்குப் பழைய பழக்கம். நீங்கள் நட்டதை நான்தான் பத்தவைச்சனான்."

பஞ்சலிங்கம் முதலில் முறைத்தார். பிறகு தோள் குலுங்கியது. "நானும் கொஞ்சம் பத்தவைச்சனான்தான்" என்றார். அன்றிலிருந்து இருவருக்கும் சண்டைதான் பொழுதுபோக்கு. பஞ்சலிங்கம் சட்டையைத் தூக்கி வெட்டுக் காயத்தைக் காட்டுவார். நீக்கிலாப்பிள்ளைக்கோ பொறாமை. "எனக்கு வெட்டவே இல்லை. உவருக்கு மட்டும் தையல் போட்டு விட்டிருக்கினம்" என்று டொக்டரிடமே முறைப்பாடு வைத்தார். "ஐயா, அவற்றை வகை ஒரு இடத்திலை கன நாள் இருக்கும், அதாலை வெட்டலாம். உங்கடை ஆள் ஊர் சுத்திற ஆள்" என்றார் அருந்ததி. "என்னட்டை இருக்கிறது என்னைப் போலைத்தானே இருக்கும்" என்று அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

மருந்தின் பெயர்கள் அவருக்கு வாயில் நுழையவில்லை. காபோபிளாட்டினைக் காப்புப்பிள்ளை என்றும் எட்டோபொசைட்டை எட்டுப்பெட்டி என்றும் மாற்றினார். மூன்று நாள் தொடர்ந்து ஏற்றுவார்கள், பிறகு மூன்று கிழமை உடம்பு ஆற விடுவார்கள், திரும்பவும் ஏற்றுவார்கள். "மிஸ், காப்புப்பிள்ளை முடிஞ்சுது, எட்டுப்பெட்டியை இறக்குங்கோ" என்று கூப்பிடப் பழகி, கடைசியில் ஆரணியே ஒருநாள் மறந்துபோய் இன்னொரு நேர்சிடம் "எட்டுப்பெட்டி எங்கை?" என்று கேட்டுவிட்டார்.

தலைமயிர் கொட்டியது. மீசையும் போனது. மீசை போனபோதுதான் அவருக்குக் கவலை. சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வெளியே வந்தது, வாயெல்லாம் இரும்பு ருசி, படியேறினால் களை. இவ்வளவுக்கும் சுருட்டு மட்டும் போகவில்லை.

கதிர் வைக்கும்போது புகைத்தால் வைத்தியம் சரியாக வேலை செய்யாது, புண்ணும் கூடும் என்று டொக்டர் தெளிவாகவே சொல்லியிருந்தார். நீக்கிலாப்பிள்ளை தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, கிணற்றடிக்குப் பின்னால் பழைய வலைக் குவியலுக்குள் ஒரு கட்டுச் சுருட்டை ஒளித்துவைத்தார். மரியநாயகிக்கு அது அன்றே தெரியும். கேட்கவில்லை, எடுத்து எறியவும் இல்லை. எறிந்தால் வேறு இடத்தில் வைப்பார்.

ஒரு பின்னேரம் மனுசன் பூனை மாதிரிக் கிணற்றடிக்குப் போய், ஒரு சுருட்டைப் பற்றவைத்து, கண்ணை மூடி ஒரு இழுவை இழுத்தார். இழுத்த வேகத்தில் சுருட்டு கையை விட்டுப் பறந்தது. வாயிலிருந்து வந்தது புகையிலை மணமல்ல. மரியநாயகி ஒவ்வொரு சுருட்டையும் ஊசியால் குடைந்து, உள்ளே நெத்தலிக் கருவாட்டுத் துண்டு செருகி, நுனியை அழகாக ஒட்டிவைத்திருந்தார்.

கருகிய கருவாட்டு மணம் மதிலைத் தாண்டியது. முதலில் பூனைகள் வந்தன. பிறகு பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னண்ணை, கிணத்தடியிலை வைச்சுக் கருவாடு சுடுறியளோ?" என்றாள்.

குசினி வாசலில் மரியநாயகி அரிசி அரிக்கிற அரிக்கன் சட்டியோடு நின்றார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "ஓம் பிள்ளை. உப்புக் காணாதெண்டு நினைச்சிட்டார் போலை."

தன் வாழ்நாளில் தன்னை இப்படி யாரும் விற்றதில்லை என்று நீக்கிலாப்பிள்ளை பிற்பாடு எமில்ராஜிடம் ஒத்துக்கொண்டார். சுருட்டு அன்றோடு போயிற்று. விட்ட வெறி பொல்லாதது, எதற்கெடுத்தாலும் கோபம் வரும். ஆனால் ஒரு சுருட்டைக் கையில் எடுத்தாலே நெத்தலி ஞாபகம் வந்து கீழே போட்டுவிடுவார்.

மருந்து ஏற்றினால் வெள்ளைக் குருதி அணுக்கள் விழுந்துவிடும், கிருமியை எதிர்க்க ஆள் இருக்காது, காய்ச்சல் வந்தால் ஒரு நிமிசமும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று ஆரணி மரியநாயகியிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். காய்ச்சல் வரும் அன்றைக்கென்றா கோயிலில் திருநாள் வரவேண்டும்? காலையிலிருந்தே உடம்பு குளிர்ந்து நடுங்கியது. சொன்னால் ஆஸ்பத்திரியில் போடுவார்கள், புனிதரின் சுருவம் ஊர்வலமாகச் சுற்றி வருவதைப் பார்க்க முடியாது. மரியநாயகி வெப்பமானியோடு வருவதைக் கண்டதும் குடித்துக்கொண்டிருந்த சர்பத்திலிருந்து ஐஸ்கட்டியை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

மனுசி வெப்பமானியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. "இஞ்சருங்கோ, இந்தக் குளிர் சவக்காலையிலைதான் இருக்கும்."

"நான்தான் சொன்னனே, காய்ச்சல் இல்லையெண்டு."

மரியநாயகி உள்ளங்கையை அவருடைய முதுகில் வைத்தார். தோசைக்கல் மாதிரிக் கொதித்தது. அடுத்த நிமிடம் எமில்ராஜுக்கு அழைப்புப் போனது. ஓட்டோ கோயில் வாசலைத் தாண்டும்போது வாண வேடிக்கை தொடங்கியிருந்தது.

இந்த இடத்தில் எனக்கும் பகிடி வருவதில்லை. இரத்த அழுத்தம் விழுந்து, நினைவு தப்பி, தனி அறையில் போட்டார்கள். நாளம் தேடி ஊசி குத்திக் குத்திக் கையெல்லாம் நீலம். பிரியந்தினி சுவரில் சாய்ந்து நின்றாள். மரியநாயகி வெளியே வாங்கில் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு செபம் சொல்லாமல் இருந்தார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று டொக்டர் அருந்ததி பிறகு சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காய்ச்சல் இறங்கி, மனுசன் கண் விழித்தபோது மரியநாயகி பக்கத்தில் இருந்தார். ஆனால் கதைக்கவில்லை. சோறு தீத்தினார், முகம் துடைத்தார், ஒரு சொல் இல்லை. நீக்கிலாப்பிள்ளை தன்னிடமிருந்த பகிடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். எதற்கும் கேள்வி இல்லை. கடைசியில் ஏலம் கூறுகிற தொனியெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னார்:

"பயந்திட்டன், மரியநாயகி. இந்த முறை உள்ளுக்கை போனால் திரும்பி வரமாட்டன் எண்டு நினைச்சன். அதுதான் ஒளிச்சனான். திருநாளுக்காக இல்லை."

மரியநாயகி போர்வையை அவருடைய கழுத்துவரை இழுத்துவிட்டார். "பயந்தால் சொல்லுங்கோ. பகிடியாச் சொன்னாலும் எனக்கு விளங்கும். ஆனா ஒளிக்காதேங்கோ."

"ஓம்."

"சத்தியமா?"

"சத்தியமா. நெத்தலி மேலை ஆணை."

அதற்குத்தான் மனுசி சிரித்தது. சிரிக்க விரும்பாமல் சிரித்தது.

அடுத்த முறைகளில் வெள்ளை அணு விழாமல் இருக்க ஊசி போட்டார்கள். மருந்தோடு சேர்த்துக் கதிரும் தொடங்கியது. வார நாட்களில் தினமும் போய், மேசையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அசையாமலும் கதைக்காமலும் படுத்திருப்பதுதான் தனக்கு வைத்ததிலேயே பெரிய தண்டனை என்றார். கதிர் நெஞ்சுக்கு வைத்தாலும் தொண்டைக் குழாயும் வெந்துபோகும். எச்சில் விழுங்கினாலே நெருப்பு. சில கிழமைகள் ஆறிய கஞ்சியும் ஐஸ்கிரீமும்தான் சாப்பாடு. பஞ்சலிங்கம் அச்சுவேலியிலிருந்து இளநீர்க் குலையோடு வந்து பார்த்தார். "ஐஸ்கிரீம் தின்னுறதுக்கெண்டே வருத்தம் பிடிச்ச ஆளை இப்பதான் காணுறன்" என்றார். நீக்கிலாப்பிள்ளைக்கு மறுமொழி சொல்லத் தொண்டை விடவில்லை. கையால் ஒரு சைகை காட்டினார். அந்தச் சைகையை நான் எழுத முடியாது.

எல்லாம் முடிந்து எடுத்த ஸ்கானில் கட்டி இருந்த இடத்தில் ஒரு மெல்லிய தழும்பு மட்டும்தான் தெரிந்தது. டொக்டர் அருந்ததி பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒழுங்கையில் வெடி கொளுத்தினோம்.

ஆனால் இன்னொரு கதை மிச்சமிருந்தது.

"தலைக்கும் கதிர் வைக்கலாம், ஐயா" என்றார் டொக்டர்.

"தலையிலை ஒண்டும் இல்லையெண்டுதானே ஸ்கானிலை சொன்னியள்?"

"அதைத்தான் நானும் கலியாணம் கட்டின நாள் தொடக்கம் சொல்லிக்கொண்டு வாறன்" என்றார் மரியநாயகி.

டொக்டர் சிரித்து முடித்துவிட்டு விளக்கினார். இந்த நோய் திரும்பி வந்தால் மூளையில் வந்து நிற்பது வழக்கம். ஏற்றிய மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. அதனால் இப்போதே தலைக்குக் கதிர் வைத்து முன்கூட்டியே தடுக்கலாம். ஆனால் சிலருக்கு அதனால் ஞாபகம் மந்தமாகும். இல்லையென்றால் கதிர் வைக்காமல், குறித்த மாதங்களுக்கு ஒருமுறை தலையை ஸ்கான் பண்ணிப் பார்த்துக்கொண்டு வரலாம். வந்தால் அப்போது வைத்தியம். இரண்டும் செய்கிற முறைதான். முடிவு அவருடையது.

மரியநாயகி கதிர் வைக்கலாம் என்றார். பிரியந்தினியும் அதைத்தான் சொன்னாள். நீக்கிலாப்பிள்ளை யோசித்து ஒரு கிழமைக்குப் பிறகு சொன்னார்:

"நான் ஸ்கான் எடுத்துக்கொண்டே இருக்கிறன். உப்பு இறங்கின நேரம் சனம் எல்லாம் சிரிச்சதாம். நான் சொன்னது எனக்கு ஒண்டும் தெரியாது. என்ரை பகிடிக்கு ஊர் சிரிக்கேக்கை நான் அங்கை இருக்கோணும், டொக்டர். அது போனால் மிச்சம் எதுக்கு?"

டொக்டர் அதை அட்டையில் குறித்துக்கொண்டார். "சரி. ஆனா ஒரு ஸ்கானும் தப்பக்கூடாது."

"இவர் தப்பினாலும் நான் தப்பவிடன்" என்றார் மரியநாயகி. அவருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் மறுக்கவில்லை.

குரல் முழுதாகத் திரும்பவில்லை. நரம்பு அமுங்கியது அமுங்கியதுதான். இப்போது சந்தையில் ஏலம் கூறுவது வேறொருவர். நீக்கிலாப்பிள்ளை ஒரு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டு, கூறுகிறவரின் பிழைகளைக் கரகரத்த குரலில் பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சொல்லுவார். அதனால் கூறுகிறவருக்கு ஒவ்வொரு நாளும் வியர்க்கும். பஞ்சலிங்கம் இப்போது தன் காணியில் புகையிலை வைப்பதில்லை, மிளகாய் வைக்கிறார். "மிளகாயைப் பத்தவைக்க ஏலாதெண்டு உவருக்குத் துணிவு" என்பார் நீக்கிலாப்பிள்ளை.

இரண்டாவது ஸ்கானும் சுகமாக வந்த கிழமை, மனைவியிடம் கேட்டார், "உனக்கு என்ன வேணும், சொல். மடு மாதா கோயிலுக்குப் போவமோ?"

மரியநாயகி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எனக்குக் கடலுக்குப் போகோணும்."

"என்ன?"

"எங்கடை அப்பு கடலுக்குப் போனவர், அண்ணைமார் போனவை. நீங்கள் கடலிலை வந்ததைத்தான் வித்தனீங்கள். நான் ஒருநாளும் முழங்காலளவுக்கு மேலை போகேல்லை. வள்ளத்திலை ஏத்துங்கோ."

கரையில் எல்லோருக்கும் இது பார்க்கவும் பேசவும் பெரிய விடுப்பு. எமில்ராஜ் தன் வள்ளத்தைக் கொடுத்தார். கூட வருவதாகச் சொன்னவரை மரியநாயகி இறக்கிவிட்டார். மண்டைதீவுப் பக்கமாகப் போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. கொஞ்சத் தூரம் போனதும், "உதை இஞ்சை தாங்கோ" என்று இயந்திரத்தின் பிடியை வாங்கிக்கொண்டார். நீக்கிலாப்பிள்ளை இடப்பக்கம் என்றால் மனுசி வலப்பக்கம் திருப்பியது. வலப்பக்கம் என்றால் வேகத்தைக் கூட்டியது. முக்காட்டுச் சேலை காற்றில் பிடுங்கிக்கொண்டு பறக்க, அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை அவர் முன்னொருபோதும் கண்டதில்லையாம். பார்த்துக்கொண்டே இருந்ததில் மணல்திட்டைக் கவனிக்கவில்லை. வள்ளம் ஏறிக் குந்திவிட்டது.

கரையிலிருந்து எமில்ராஜ் கைத்தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணை, என்ன, நங்கூரம் போட்டிட்டியளோ?"

"ஓம், மனுசி இறங்கி மண் பாக்கோணுமாம். காணி வாங்கப்போறா" என்று சொல்லிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளப் பார்த்தார். இரண்டு தள்ளில் மூச்சு வாங்கியது. மரியநாயகி அவரைத் தோளில் பிடித்து ஏற்றி வள்ளத்தில் இருத்திவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே தண்ணீரில் இறங்கினார். திட்டுக்கு வெளியே, வள்ளத்தின் பின்பக்கம் இடுப்பளவு தண்ணீர். தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

"கொஞ்சம் இடப்பக்கமாத் தள்ளு. அப்பிடியில்லை. பின்னுக்கு நிண்டு தள்ளு. காலை ஊண்டு. நான் சொல்லுறதைக் கேள்" என்று மேலே இருந்து கட்டளைகள் வந்தபடி இருந்தன.

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ" என்றார் மரியநாயகி, மூச்சிரைக்க. "வள்ளத்திலை பாரமே நீங்கள்தான்."